பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் படுத்திருந்தால்: பொலிஸாரை எதற்காக, எப்படி அழைப்பது

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைசி பஸ் போன பிறகு தரிப்பிடத்து வாங்கில் ஒரே ஆள் பல நாட்களாகப் படுத்திருப்பதைக் கண்டால், பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பொலிஸாருக்கு அறிவிப்பது வழக்கம். அறிவிப்பதில் பிழையில்லை, ஆனால் அறிவிப்பவர் சொல்லும் முதல் வசனமே அந்த மனிதர் எந்த வாசலுக்குக் கொண்டு செல்லப்படுவார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. "கடை வாசலில் ஒருவர் கரைச்சல் தருகிறார்" என்றால் அது முறைப்பாடு. "படுக்க இடமில்லாத வயோதிபர் ஒருவர் இருக்கிறார், உதவி தேவை" என்றால் அது தகவல். பிரித்தானியர் 1841 ஆம் ஆண்டில் இயற்றிய கட்டளைச் சட்டம் வேலையின்றி அலைபவரையும் பிச்சை எடுப்பவரையும் குற்றவாளிகளாகவே நோக்கியது. அந்தப் பார்வைக்கு நாமே வழி திறந்து கொடுக்கக்கூடாது.

ஆகவே அழைப்பதற்கு முன்னர் பகல் வெளிச்சத்தில், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். "ஐயா, சாப்பிட்டீங்களோ?" என்று தொடங்குவதே நல்லது, பெயரும் ஊரும் பிறகு வரட்டும். வன்னியில் "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு ஒருவர் மூன்று ஊர்களைச் சொன்னால் அவர் குழம்பியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பிறந்த ஊர் ஒன்றாகவும், 2009 இல் போர் முடிந்த வேளையில் அடைபட்டிருந்த முகாம் செட்டிகுளமாகவும், பின்னர் குடியேற்றப்பட்ட இடம் வேறொன்றாகவும் இருக்கலாம். மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எந்தக் கிராம அலுவலரிடம் அவருடைய பதிவு இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

படம் எடுத்து முகநூலில் போடுவதை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வாழும் மண் இது. மங்கலான ஒரு படத்தில் மகனின் சாயலைக் கண்டு முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வரும் ஒருவருக்கு, வந்து சேர்ந்த பின் நாம் என்ன பதில் சொல்வது? அடையாளம் தெரியாதவராயின், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி பொலிஸாரிடமே கேளுங்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் தகவல் வழங்கலாம்.

மயக்கம், காய்ச்சல், காயம் என்று எதுவும் தெரிந்தால் பொலிஸுக்கு முன்னர் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சிறுவராயின் 1929, வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணாயின் 1938, மனநலம் பற்றி ஆலோசனை வேண்டுமாயின் 1926. உயிருக்கு ஆபத்தில்லாத மற்ற வேளைகளில் பொலிஸ் அவசர இலக்கமான 119 ஐ அழைப்பதைவிட, அந்தப் பிரிவின் கிராம அலுவலரையும் அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போவது பலன் தரும்.

நிலையத்தில் பொறுப்பதிகாரியையோ, பெண்ணோ சிறுவரோ ஆயின் அவர்களுக்கான பிரிவின் உத்தியோகத்தரையோ சந்திக்கக் கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழியாகும். ஆகையால் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்பது சண்டித்தனமன்று, உரிமை. பதிந்த திகதியையும் பதிவிலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஆளை அகற்றுங்கள்" என்று கேட்காமல், அன்றிரவுக்கான பாதுகாப்பையும், பிரதேச செயலகத்துச் சமூக சேவைகள் உத்தியோகத்தருக்கு அறிவித்தலையும் கேளுங்கள். பொலிஸாரிடம் தங்குமிடம் கிடையாது, சிறைக்கூடம் தங்குமிடமும் ஆகாது. அவர்கள் செய்யக்கூடியது சரியான கதவைத் தட்டுவது. ரோந்து போகும் உத்தியோகத்தர் ஒருவர் அந்த மனிதரைப் பெயர் சொல்லி விசாரிக்கத் தொடங்கினாலே பாதிக் காரியம் நடந்த மாதிரி.

பொலிஸ் நிலையத்தால் கிடைக்கும் இன்னுமொரு பெரிய உதவியைப் பலர் கவனிப்பதில்லை. இடப்பெயர்வில் பையோடு போன ஆவணங்களில் முதன்மையானது தேசிய அடையாள அட்டை. அது இல்லாதவருக்கு வங்கிக் கணக்கும் இல்லை, அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவும் இல்லை. தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை பெறுவதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். எனவே போன கையோடு அந்த முறைப்பாட்டையும் அவர் பெயரில் பதிவு செய்வியுங்கள். அதன்பின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம அலுவலரின் அத்தாட்சி என்று வேலை நீளும். நிலையான விலாசம் இல்லை என்ற இடத்தில்தான் இது பெரும்பாலும் தடைப்படும். முன்னர் எழுதி வைத்த மூன்று ஊர்ப் பெயர்களும் அப்போதுதான் கைகொடுக்கும். அவருடைய பெயரிலோ பெற்றோர் பெயரிலோ எங்காவது காணி அனுமதிப்பத்திரம் இருந்ததா என்பதையும் கேட்டுப் பாருங்கள், சில வேளைகளில் வீடில்லாதவருக்குக் காணி இருக்கிறது.

அறுபது வயதைக் கடந்தவராயின், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகிறது. அதன்படி பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கப் பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை உத்தியோகத்தர் வழிகாட்டுவார். ஆனால் மகன் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிடுவது சமரசம் ஆகாது. முதலில் உறவினர் ஒருவர் மூலம் பேசிப் பாருங்கள். அவர் ஏன் வெளியே வந்தார் என்பதை அவரிடமே கேளுங்கள். பணம் கட்ட முடியாத வழக்கானால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மனநோய் என்று தோன்றினால் அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், அயலவரும் தீர்மானிக்க வேண்டாம். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுதான் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்திக் கொண்டுபோகும் நிலை வந்தால் அது சட்டப்படி, நீதிமன்றத்தின் அறிவுடன் நடக்க வேண்டும். கயிற்றோடு ஓடி வரும் இளைஞர்களை அன்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் செய்தும், வளர்ந்த மனிதர் ஒருவர் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லலாம். அவர் குற்றம் செய்யாதவரை அந்த விருப்பத்தைப் பொலிஸாரும் மதிக்க வேண்டும். அப்போதும் மாரியை நினைவில் வையுங்கள்: 2018 மார்கழியில் கிளிநொச்சியின் இரணைமடுக்குளம் நிரம்பி வெள்ளம் வந்தபோது நிலத்தில் படுத்தவர்களுக்கு அரை மணி நேர அவகாசம்கூட இருந்திராது. உலர்ந்த பாய், நுளம்பு வலை, மேடான ஓர் இடம், பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற தகவல் ஆகியவற்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பதிவிலக்கத்தோடு மீண்டும் பொலிஸ் நிலையத்துக்குப் போய், சமூக சேவைகள் உத்தியோகத்தர் வந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.