நார்வே பட்டத்துச் சண்டையை குழம்பாம படிக்கறது எப்படி

1130-ல இருந்து 1240 வரைக்கும் நார்வேல ராஜா பட்டத்துக்காக நடந்த உள்நாட்டுப் போரை படிக்க ஆரம்பிச்சா சிகுர்ட், மாக்னஸ், ஹரால்ட்னு அதே பேருங்கதான் திரும்பத் திரும்ப வரும், அதனால பேரை மனப்பாடம் பண்றத விட்டுட்டு மொதல்ல அந்தக் காலத்து ரூலை பிடிச்சுக்கோங்க. ராஜாவுக்குப் பொறந்த எந்தப் பையனுக்கும் பட்டத்துல உரிமை உண்டு, அம்மா கல்யாணம் ஆனவளான்னு பாக்க மாட்டாங்க, மூத்தவன் இளையவன் கணக்கும் கிடையாது, ரெண்டு மூணு பேர் சேர்ந்தேகூட ஆளலாம்.

புதுசா ஒருத்தன் வந்தா உடனே கேளுங்க: யாரோட பையன்னு சொல்றான், எப்படி நிரூபிச்சான்? ஹரால்ட் கில்லே கடல் தாண்டி மேற்க இருந்து வந்து, நான் பழைய ராஜா வெறுங்கால் மாக்னஸோட பையன்னு சொல்லி, பழுக்கக் காய்ச்சின ஏர்க்கொழு மேல நடந்து காட்டினான். அப்போ ஆண்டுக்கிட்டிருந்த சிகுர்ட் ராஜாவும் அவர் பையன் மாக்னஸும் இருக்கறவரை பட்டம் கேக்க மாட்டேன்னு சத்தியமும் பண்ணான். 1130-ல சிகுர்ட் செத்ததும் சத்தியத்த மீறிட்டான், 1135-ல அந்தப் பையன் மாக்னஸை பிடிச்சு கண்ணைக் குருடாக்கி மடத்துல போட்டாங்க. அடுத்த வருஷமே ஹரால்டை பெர்கன்ல கொன்னது சிகுர்ட் ஸ்லெம்பே, அவனும் வெறுங்கால் மாக்னஸ் பையன்னு சொல்லிக்கிட்டு வந்தவன்தான்.

அடுத்து, பின்னாடி யார் நிக்கறாங்கன்னு பாருங்க. ஹரால்ட் செத்தப்போ பட்டம் கட்டின அவன் பையனுங்க ‘இங்கே’, ‘சிகுர்ட் முன்’ ரெண்டு பேரும் கைக்குழந்தைங்க மாதிரி, முடிவெல்லாம் பெரிய தலைங்க கையில.

ரொம்ப நிதானமா படிக்க வேண்டிய இடம் எர்லிங் ஸ்காக்கேங்கற பெரிய தலைவர். 1161-ல தன்னோட அஞ்சு வயசுப் பையன் மாக்னஸை ராஜாவாக்கினார், ஆனா பையனுக்கு ராஜ ரத்தம் அம்மா வழியிலதான், பழைய ரூல்படி செல்லாது. அதனால சர்ச்சுக்காரங்களை கூட சேர்த்துக்கிட்டு ரூலையே மாத்தினாங்க, 1163 சட்டம் முறையா பொறந்த மூத்த மகனுக்குத்தான் முதலிடம்னு சொல்லுது, பேராயர் எய்ஸ்டைன் கையால முடிசூட்டும் நடந்துச்சு. இதை விட்டுட்டீங்கன்னா ஸ்வெர்ரே புரியவே மாட்டான். ஃபாரோ தீவுல இருந்து வந்து, நான் ‘சிகுர்ட் முன்’னோட பையன்னு பழைய ரூலை வச்சு நின்னவன் அவன், 1184-ல ஃபிம்ரைட்டேல அவனோட நடந்த சண்டைல எர்லிங் பையன் மாக்னஸ் செத்தான்.

நோட்டுல ஒவ்வொருத்தனுக்கும் அப்பா யாரு, எந்த ‘திங்’ (ராஜாவை ஏத்துக்கற ஊர்க்கூட்டம்) ஏத்துக்கிச்சு, யார் ஆளுங்க கூட இருந்தாங்கன்னு எழுதுங்க. அம்மா பேருக்கும் இடம் விடுங்க, ஸ்வெர்ரே பேரன் ஹோக்கோன் ராஜா பையன்தான்னு நிரூபிக்க 1218-ல சூடான இரும்பைத் தூக்கினது அவன் அம்மா இங்காதான்.