கொண்டையை அவிழ்த்துவிட்டு உயரம் பாருங்கள்

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக இருக்கிறேன். காலையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்காரும் பெண்கள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். "கை காலெல்லாம் ஒல்லியாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு சிஸ்டர் எடை?" என்று கேட்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வயிற்றில் சேரும் கொழுப்புதான் சர்க்கரையையும் பிரஷரையும் கூட்டிவருகிறது.

எடை குறைக்கச் சிகிச்சை கேட்டுப் போகுமுன் உங்கள் அளவுகளைச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உயரம். செருப்பைக் கழற்றி, பூவை எடுத்து, கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சுவரோடு சுவராக நில்லுங்கள். எடை மெஷினைப் பாய் மேல் வைக்காதீர்கள், வெறுந்தரையில் வையுங்கள். 64 கிலோ, 152 செ.மீ. என்றால் 64-ஐ 1.52-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.52-ஆல் வகுக்க வேண்டும். 27.7 வரும். அதுதான் பி.எம்.ஐ., உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். கொண்டையோடு 154 என்று எழுதினால் அதே அக்காவுக்கு 27.0 ஆகிவிடும். சிகிச்சையை முடிவு செய்யும் இடத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

உலக அளவுகோலில் 25-லிருந்து அதிக எடை, 30-லிருந்து உடல் பருமன். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், 2009-இல் வெளியான இந்திய மருத்துவர்களின் பரிந்துரை அதை 23, 25 என்று இறக்கியது. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே எடையை ஏற்றும். ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. தைராய்டும் சர்க்கரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சோற்றைக் குறைத்துச் சுண்டல், முட்டை, கீரையைக் கூட்டுவதும் நடப்பதும் எந்தச் சிகிச்சையோடும் சேர்ந்தே வரும். ஆற்காட்டு மக்கன் பேடாவை விசேஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 கிலோவில் மூன்று, நான்கு கிலோ இறங்கினாலே சர்க்கரையும் பிரஷரும் தணியும்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டும் வாரம் ஒருமுறை போடுவது. பசியைக் குறைக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பொதுவாக பி.எம்.ஐ. 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒன்று இருந்தால் டாக்டர் யோசிப்பார். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றுவார்கள். கணையத்தில் முன்பு வீக்கம் வந்திருந்தாலும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலும், பிள்ளைக்கு முயற்சி செய்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப ஏறும். அதனால் எத்தனை மாதம் போட வேண்டும், மொத்தச் செலவு என்ன என்று கேட்டபிறகே தொடங்குங்கள். பக்கத்து வீட்டம்மா போட்டார் என்று மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினாலோ, 30-க்கு மேல் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலோ எடை குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கலாம். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். பைபாஸில் இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் பாதையையும் மாற்றுவார்கள். அதன்பின் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும், ரத்தப் பரிசோதனையும் தொடரும். கர்ப்பத்தை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போடச் சொல்வார்கள். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்தபின் வேலூருக்கு பஸ் ஏறுங்கள்.