வீண் வழக்காடி என்று அறிவிக்கக் கோரும்போது செய்யும் தவறுகள்

ஒரே ஆள் வழக்கு மேல் வழக்காகப் போட்டு அலைக்கழிக்கும்போது "இவரை இனி கோர்ட் படி ஏறவிடக் கூடாது" என்று தோன்றுவது இயல்பு. அப்படிப்பட்டவரை வீண் வழக்காடி என்று அறிவித்து, முன் அனுமதியின்றிப் புது வழக்குப் போடாமல் தடுக்க 1949-ம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் வாசல் குறுகலானது.

முதல் தவறு, வழக்குகளை எண்ணுவது. இருபது வழக்கு போட்டவர் என்பது மட்டும் போதாது; எல்லாவற்றிலும் தோற்றவர் என்பதும் போதாது. தொல்லை கொடுக்கும் வழக்குகளை, நியாயமான காரணமின்றி, வழக்கமாகவே தொடுத்து வருகிறார் என்று உயர் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். உண்மையான சொத்துத் தகராறில் நான்கு முறை தோற்றவர் இதில் வரமாட்டார். வரக்கூடாது என்பதே சரி.

அடுத்தது, முன்சீப் கோர்ட்டிலேயே இந்த அறிவிப்பைக் கேட்பது. அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அங்கும் பாதிக்கப்பட்டவர் நேராக மனு போட முடியாது. அரசு தலைமை வழக்கறிஞர்தான் போட வேண்டும். ஆகவே உங்கள் வேலை, அவர் ஏற்கும்படி ஆவணங்களைத் திரட்டித் தருவது. பலரும் சறுக்குவது இங்கேதான். பக்கம் பக்கமாக வசைபாடும் மனுவைவிட ஓர் அட்டவணை வலுவானது: நீதிமன்றம், வழக்கு எண், சர்வே எண், கேட்ட பரிகாரம், முடிந்த தேதி, தள்ளுபடிக்குச் சொன்ன காரணம். பாகப்பிரிவினை வழக்கில் தோற்றவர் அதே சர்வே எண்ணுக்கு நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டு, பிறகு மகன் பெயரில் விளம்புகை (உரிமை தனதே என்ற அறிவிப்பு) கேட்டு, கடைசியில் நில அபகரிப்பு என்று குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் மனு கொடுத்திருந்தால், நான்கு வரிகளையும் அடுத்தடுத்து வைத்தாலே போக்கு புலப்படும். ஒவ்வொரு வரிக்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். மகன் பெயரில் போட்டதை, தகப்பன்தான் நடத்துகிறார் என்று காட்ட ஆதாரமில்லாமல் கணக்கில் சேர்க்காதீர்கள். மேல்முறையீட்டில் நிற்கும் வழக்கை முடிந்ததாகக் காட்டினால் மொத்த அட்டவணையும் நம்பகம் இழக்கும்.

இந்த அறிவிப்பை நம்பி, நடக்கும் வழக்கைக் கவனிக்காமல் விடுவதும் ஆபத்து. உத்தரவு தடுப்பது புதிதாகத் தொடுப்பதைத்தான். கையிலிருக்கும் வழக்குக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11-ன் கீழ் வழக்குரையை, அதாவது வாதி கொடுத்த வழக்கு மனுவை, நிராகரிக்கக் கோருங்கள். முன்தீர்ப்புத் தடை (ஏற்கெனவே தீர்ப்பான விஷயத்தை மீண்டும் கிளப்ப முடியாது என்ற விதி) இருந்தால் அதே சட்டத்தின் பிரிவு 11-ஐ எழுப்புங்கள். பொய் வழக்கு என்ற ஆட்சேபத்தை எதிருரையிலேயே (வழக்குக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதிலில்) எழுதிவிடுங்கள், அப்போதுதான் பிரிவு 35ஏ-யின் கீழ் இழப்பீட்டுச் செலவுத்தொகை கேட்க இடமிருக்கும். அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய்தான் என்பது வருத்தமான விஷயம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர், அதாவது வீண் வழக்காடி என்று குற்றம் சாட்டப்படுபவர், செய்யும் பெரிய பிழை, நோட்டீசை அலட்சியப்படுத்துவது. அவரைக் கேட்காமல் உத்தரவிட முடியாது. அந்த வாய்ப்பில் ஒவ்வொரு வழக்குக்கும் என்ன அடிப்படை இருந்தது என்று தனித்தனியாகப் பதில் தர வேண்டும். உத்தரவு வந்தபின்னும் கதவு முழுதாக மூடுவதில்லை. சென்னை நகரில் உயர் நீதிமன்றத்திடமும், மற்ற இடங்களில் மாவட்ட அமர்வு நீதிபதியிடமும் முன் அனுமதி பெற்று வழக்குப் போடலாம். முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். இப்படி வழி விட்டிருப்பதைச் சுட்டித்தான் 1965-ல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. அனுமதி இல்லாமல் போட்டால் வழக்கு தள்ளுபடியாகும். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு முடியும் வாரத்தில் அனுமதி மனுவோடு ஓடாதீர்கள்.

உத்தரவு அரசிதழில் வெளியாகும். அலைக்கழிக்கப்பட்டவர் நீங்கள் என்றால் அந்த நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த வழக்கின் சம்மன் வந்ததும் மெமோவோடு (சிறு குறிப்பு மனுவோடு) முதல் வாய்தாவிலேயே தாக்கல் செய்துவிடலாம்.