விநோதச் செய்தியைப் பகிரும் முன் சோதிப்பது எப்படி?

வினாடி வினா நடத்துபவர்கள், பள்ளி ஆண்டு மலருக்குத் துணுக்கு எழுதுபவர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஏதேனும் ஒன்றைப் பகிர்பவர்கள் என எல்லோரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். அதில் உண்மையும் பொய்யும் பாதி உண்மையும் கலந்தே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துணுக்கையும் பார்த்து ‘ஏன் அப்படி?’ என்று கேட்கும் பழக்கம் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். உண்மையான விநோதத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தே தீரும், அந்தக் காரணம் பல நேரங்களில் துணுக்கை விடச் சுவையானதாகவும் இருக்கும்.

‘சமோவா நாட்டில் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை’ என்ற துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கதை போலத் தோன்றினாலும் காரணத்தைத் தேடினால் உடனே கிடைக்கிறது. சமோவாவின் வணிகம் பெரிதும் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் சார்ந்தது. ஆனால் தேதி மாறும் எல்லையாக வரைபடத்தில் வைத்திருக்கும் நாள்கோட்டின் மறுபக்கத்தில் இருந்ததால், சமோவாவில் வெள்ளிக்கிழமை அலுவலகம் நடக்கும்போது ஆக்லாந்தில் சனிக்கிழமை விடுமுறை, சிட்னியில் திங்கள் காலை கடை திறக்கும்போது சமோவா மக்கள் ஞாயிறு வழிபாட்டில் இருப்பார்கள். இந்தத் தொல்லையைத் தீர்க்க நாட்டையே கோட்டின் மேற்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். வியாழன் நள்ளிரவு கழிந்ததும் சனிக்கிழமை பிறந்தது. இன்னும் சற்றுத் தோண்டினால், 1892இல் அமெரிக்க வணிகத்துக்காக இதே நாடு எதிர்ப்பக்கம் மாறி, ஜூலை 4ஆம் தேதியை இரண்டு முறை கொண்டாடியதும் தெரியவரும். இப்படிக் காரணம் கேட்கக் கேட்க வளரும் செய்தியைத் துணிந்து பகிரலாம்.

காரணம் கேட்டதும் உருமாறிவிடும் துணுக்குகளிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். வட துருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யர்பியென் என்ற சிற்றூரில் ‘சாவதே சட்டப்படி குற்றம்’ என்ற செய்தி ஆண்டுக்கு ஒரு முறையாவது சுற்றி வருகிறது. அப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் புதைத்த உடல்கள் எளிதில் மட்குவதில்லை. உறைந்தும் உருகியும் அசையும் மேல்மண், பெட்டிகளை மெல்ல மேலே தள்ளவும் செய்யும். எனவே 1950 வாக்கில் அவ்வூர்க் கல்லறையில் சவப்பெட்டி வைத்துப் புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காய்ச்சலில் மாண்ட இளைஞர்கள் அதே கல்லறையில்தான் கிடக்கிறார்கள். அவர்களின் உடலில் அந்தக் கிருமியின் தடயம் மிஞ்சியிருக்குமோ என்று 1998இல் ஒரு விஞ்ஞானிகள் குழு வந்து தோண்டியும் பார்த்தது. ஊரில் இருப்பது சிறிய மருத்துவமனை என்பதால் கடும் நோயாளிகளையும் பிரசவ நாள் நெருங்கிய பெண்களையும் நார்வேயின் பெருநிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘இங்கே புதைப்பதில்லை’ என்ற நடைமுறைதான் கைமாறிக் கைமாறிச் ‘சாகத் தடை’ என்று ஆகிவிட்டது. (பூனை வளர்க்க அங்கே தடை இருப்பது மட்டும் உண்மை. பறவைகளைக் காப்பதும் அதற்கு ஒரு காரணம்.)

இத்தகைய செய்தியைத் தேடும்போது துணுக்கின் வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். அதே வாசகத்தை நகலெடுத்த தளங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். ஊர்ப்பெயரையும் ‘கல்லறை’, ‘உறைநிலம்’ போன்ற பொருள் சார்ந்த சொற்களையும் சேர்த்துத் தேடினால், அவ்வூர் நிர்வாகத்தின் பக்கமோ அருங்காட்சியகக் குறிப்போ கண்ணில் படும். இயன்றால் ஆங்கிலத்திலும் ஒரு முறை தேடிவிடுங்கள்.

அடுத்து, துணுக்கில் உள்ள கனமான சொல்லைத் தட்டிப் பாருங்கள். சட்டம், போர், தடை, உலகிலேயே முதல் என்பவையே வழக்கமாகப் பொய்யைச் சுமப்பவை. ‘ஆஸ்திரேலியா ஈமு கோழிகள் மீது போர் தொடுத்துத் தோற்றது’ என்பதில் ஈமுவும் தோல்வியும் உண்மை, போர்தான் செய்தித்தாள்கள் கேலியாக வைத்த பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களை அழித்த ஏறத்தாழ 20,000 ஈமுக்களை ஒடுக்க, 1932 நவம்பரில் மேஜர் மெரிடித் தலைமையில் ஒரு சிறு ராணுவக் குழு இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளுடனும் 10,000 தோட்டாக்களுடனும் சென்றது. சுடத் தொடங்கியதும் பறவைகள் சிறு கூட்டங்களாகச் சிதறி ஓடின, ஒரு முறை துப்பாக்கி இடையிலேயே சிக்கிக்கொண்டது, லாரியில் ஏற்றித் துரத்தியபோது மேடுபள்ளத்தில் குறிபார்க்கவே முடியவில்லை. ஈமு வளர்ப்பில் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கொங்கு மண்டலத்திலும் உண்டு. அது வேறு கதை.

எண்கள் வரும் துணுக்குகளில், அந்த எண் எங்கிருந்து எங்கு வரை அளந்தது என்று கேட்க வேண்டும். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போரை வரலாற்றின் மிகக் குறுகிய போர் என்பார்கள். ஓரிடத்தில் 38 நிமிடம் என்றும் வேறோரிடத்தில் 45 நிமிடம் என்றும் காணும்போது ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். பிரிட்டன் விதித்த கெடு காலை 9 மணிக்கு முடிந்து, இரண்டொரு நிமிடத்தில் பீரங்கிகள் முழங்கின. தொடக்கத்தையும் முடிவையும் எந்தக் கணத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே நிமிடக் கணக்கு மாறுகிறது. ‘முக்கால் மணி நேரத்துக்கு மேற்படாத போர்’ என்று எழுதினால் எந்தக் கணக்கும் இடிக்காது.

சில துணுக்குகளுக்குத் தாளும் பேனாவும் போதும். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது, மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அச்சேறிய செய்தி. பார்த்துச் சொன்னவர் யார் என்று கேட்டாலே ஆட்டம் கண்டுவிடும். சுவரின் அகலம் சில மீட்டர்தான், நிலவோ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து தனித்துத் தெரிய ஒரு பொருள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். 2003இல் பூமியை மிக அருகில் சுற்றிவந்த சீன வீரர் யாங் லிவேயே சுவர் தன் கண்ணுக்குத் தென்படவில்லை என்றார். மாறாக, கிளியோபாட்ரா வாழ்ந்த காலம் பெரிய பிரமிடு கட்டிய காலத்தை விட நிலவில் மனிதன் இறங்கிய காலத்துக்கே நெருக்கமானது என்பது கழித்தல் கணக்கில் தேறிவிடுகிறது: பிரமிடு கி.மு. 2560 வாக்கில், அவர் பிறந்தது கி.மு. 69இல், நிலவுப் பயணம் 1969இல்.

ஓர் அமைப்பின் பெயர் வந்தால், அந்த அமைப்பு அப்படிப்பட்ட வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாட்டுப் பண்களுக்கு யுனெஸ்கோ தரவரிசை போடுவதில்லை. ஆகவே இந்திய நாட்டுப் பண் ‘உலகின் சிறந்தது’ என அறிவிக்கப்பட்ட செய்தியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பகிரத் தேறிய செய்தியையும் சரிபார்த்த தேதியோடு குறித்து வையுங்கள், ஏனெனில் உண்மைகளும் காலாவதியாகும். இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டு நிலங்களும் வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டு நிலங்களும் கூச் பிகார் எல்லைப் பகுதியில் சிதறிக் கிடந்தன. அவற்றில் தஹாலா காக்ராபாரி என்ற சிறு வயல், வங்கதேசத்துக்குள் இருந்த இந்திய நிலத்துக்குள் இருந்த வங்கதேச நிலத்துக்குள் இருந்த இந்திய நிலம். 2015 ஆகஸ்ட் 1 அன்று இரு நாடுகளும் இத்துண்டு நிலங்களை மாற்றிக்கொண்டன. அந்த வயலைப் பற்றிய துணுக்கு இன்றும் ‘இருக்கிறது’ என்றே வலம் வருகிறது. ‘இருந்தது’ என்று திருத்தி, ஆண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.