ட்ரெய்லரில் செல்லும் படகைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

சென்னையிலிருந்து சிறிய ஃபைபர் படகையோ பாய்மரப் படகையோ காரின் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு தூத்துக்குடி வரை செல்பவர்கள், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் ஓர் இரவாவது எங்கேனும் தங்கத்தான் வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்கு நிறுத்தும் அரை மணி நேரமும் லாட்ஜ் வாசலில் கழியும் இரவுமே திருடனுக்கு வாய்ப்பானவை. படகோடு ட்ரெய்லரை இழுத்துச் செல்பவனைவிட, எஞ்சினை மட்டும் கழற்றிச் செல்பவனுக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. படகை ஒளித்து வைப்பது கடினம், எஞ்சினோ ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும்.

சிறிய அவுட்போர்டு எஞ்சின்கள் படகின் பின்பலகையில் இரண்டு திருகுப்பிடிகளால் மட்டுமே பொருத்தப்பட்டிருப்பதால், கருவி எதுவும் இன்றிக் கையாலேயே அவற்றைக் கழற்றிவிடலாம். இரு பிடிகளையும் எதிரெதிரே திருப்பி, அவற்றின் மேல் செருகிப் பூட்டும் எஃகுக் குழாய்ப் பூட்டு கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டினால் பிடிகள் சுழலாது. தூக்கக்கூடிய எடை என்றால், இரவில் எஞ்சினைக் கழற்றி கார் டிக்கியில் வைத்துப் பூட்டுவதே மேல். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைத் தவறான பக்கம் சாய்த்து வைத்தால் ஆயில் ஒழுகும் என்பதால், எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டேங்கை மட்டும் அறைக்குள் கொண்டு செல்லக் கூடாது.

லாட்ஜை முன்பதிவு செய்யும்போதே, காரும் ட்ரெய்லரும் சேர்ந்து 10 மீட்டருக்கு மேல் நீளும் என்பதைச் சொல்லி, சுற்றுச்சுவருக்குள் இடமும் இரவுக் காவலாளியும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். காரைக் கழற்றாமல், படகின் பின்புறம் சுவரை ஒட்டி நிற்கும்படி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினால், எஞ்சினை எவரும் எளிதில் நெருங்க முடியாது. காரைக் கழற்றியே ஆக வேண்டுமெனில், ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கியின் குழிக்குள் பந்து போன்ற பகுதியைச் செருகி அடைக்கும் பூட்டைப் பயன்படுத்துங்கள். வெறும் தாழ்ப்பாளில் போட்ட பூட்டு, வேறொரு வண்டியில் சங்கிலி கட்டி இழுப்பதைத் தடுக்காது. சக்கரத்துக்கும் தனிப் பூட்டு வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

படகைக் கடலில் இறக்கும் முன் ட்ரெய்லரின் பூட்டுகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும். உப்புநீரில் நனைந்த பூட்டை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால், துரு இறுகி உரிமையாளரே அதை அறுக்க வேண்டிய நிலை வரும்.

ஜிபிஎஸ் கருவி வைப்பவர்கள் அதை ஃபைபருக்கு அடியில் மறைக்கலாம். உலோகப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் கிடைக்காது. எஞ்சின் எண், படகின் எண், தனி அடையாளங்கள் ஆகியவற்றைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். சாலைப் பயணத்தில் நிகழும் திருட்டுக்கும் காப்பீடு பொருந்துமா என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

திருட்டு நடந்துவிட்டால் உடனே 112-ஐ அழைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எனவே வெளியூரில் திருட்டுப் போனதை, சென்னைக்குத் திரும்பிய பிறகு கவனித்தாலும் இங்கேயே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கோரலாம்.