ஆத்தங்குடி டைல்ஸை வைத்து ஆறு வாரப் பாடம் போடுவது எப்படி?

என் மகனுக்கு ஏழாம் வகுப்பு வயது. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பென்சில் கிடைத்தால் நாள் முழுக்க வரைவான். கணக்கு நோட்டை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். அதனால் போன வருடம் ‘மழை’ என்று ஒரு தலைப்பை வைத்து எல்லாப் பாடங்களையும் கலையோடு சேர்க்கப் பார்த்தேன். மழையை வரைந்தான், மழைப் பாட்டுப் பாடினான், மழையளவுக்குச் சராசரி கண்டான். மூன்றும் மூன்று மூலையில் நின்றன. அவன் வரைந்த படத்தை எடுத்துவிட்டாலும் கணக்கில் ஒன்றும் குறைந்திருக்காது.

இந்த வருடம் தலைப்பை விட்டுவிட்டுக் கையால் செய்யும் ஒரு பொருளை எடுத்தேன். காரைக்குடியில் இருக்கிறோம், பஸ் ஏறினால் ஆத்தங்குடி. அங்கே கையாலேயே செய்யும் தரை டைல்ஸ் என்று முடிவானது.

நீங்கள் தொடங்கும்போது முதலில் பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். நான் எழுதியவை: மீப்பெரு பொதுக் காரணி (இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்), சமச்சீர், சிமெண்ட் இறுகும் விதம், செட்டிநாட்டார் பர்மாவில் செய்த வணிகம், கண்ணால் பார்த்ததை வரிசையாகத் தமிழில் எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வேலையில் எந்த இடத்தில் இது தெரியாமல் கை ஓடாது என்று குறியுங்கள். இடம் கிடைக்காத பாடத்தை இழுத்து வந்து உட்காரவைக்காதீர்கள். ஆங்கில இலக்கணத்துக்கு இடமே அமையவில்லை. அதைக் காலையில் அரைமணி நேரம் தனியாக நடத்தினேன்.

முதல் வாரம் பட்டறைக்குப் போய்ப் பார்ப்பது மட்டும்தான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைக்கிறார்கள்; அதற்குள் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, பின்புறத்தை மணலும் சிமெண்டும் கொண்டு நிரப்புகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, அதன் பிறகு வெயில். எல்லாவற்றையும் செய்பவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதினான். தமிழ்ப் பாடம் அங்கேயே நடந்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் கணக்கு. இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். வீட்டில் சிமெண்டுக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். கண்ணாடியில் லேசாகத் தேங்காயெண்ணெய் தடவி, அட்டைத் துண்டுகளால் வடிவம் கட்டி, வண்ணம் கலந்து ஊற்றலாம். என் மகன் தன் பெயரின் முதலெழுத்தான ‘க’வை ஊற்றினான். காய்ந்ததும் திருப்பிப் பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறிக் கிடந்தது! கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் டைல்ஸின் முகம் என்பதைப் பட்டறையில் பார்த்திருந்தும் மறந்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. தமிழில் எந்த எழுத்தைத் திருப்பினாலும் மாறாது என்று அவனே தேட ஆரம்பித்தான். ‘ப’ கிடைத்தது. மறுநாள் ‘ஃ’ கிடைத்தது. அதை மூன்றில் ஒரு பங்கு சுழற்றினாலும் அப்படியே இருக்கும் என்றும் சொன்னான். சுழல் சமச்சீர் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இப்படி ஒரு தவறு நடக்க நேரம் விட்டு வையுங்கள். முன்கூட்டியே எச்சரித்துவிட்டால் பாடம் போய்விடும்.

பிறகு தரை. 10 அடிக்கு 12 அடி அறை, 8 அங்குல டைல்ஸ். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 18, ஆக 270. அதே அறைக்கு 10 அங்குல டைல்ஸ் வாங்கினால் ஒரு பக்கம் 12 சரியாக உட்காரும். மறுபக்கம் 14 போட்டபின் 4 அங்குலம் மிஞ்சும், வெட்ட வேண்டும். வெட்டாமல் போடக்கூடிய மிகப் பெரிய சதுரம் எது? அறையின் பக்கங்கள் அங்குலத்தில் 120, 144; இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 24. ஐங்கோண டைல்ஸ் ஏன் கிடையாது என்று கேட்டான். ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 டிகிரி, அது ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 360 டிகிரியை மீதியின்றி வகுக்காது. அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டான்.

அறிவியலுக்கு இரண்டு ஐஸ்கிரீம் கப்பில் சிமெண்ட் கலவை. பெரியவர்கள் கையுறை போட்டுக் கலக்க வேண்டும், வெறும் தோலை அது அரிக்கும். ஒருநாள் மூடி வைத்து, பிறகு ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை வெயிலிலும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறிப் பார்க்கலாம். காய்வதால் சிமெண்ட் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது.

பர்மாவுக்குக் கடைசி வாரத்தில் இரண்டு நாள்தான் கொடுத்தேன். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு வரைபடத்தில் ரங்கூனைத் தேடி, 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்ததையும் 1942-இல் ஜப்பான் அதைக் கைப்பற்றியதையும் படித்தோம்.

தேர்வுக்குப் புது அறை ஒன்று கொடுங்கள்: 9 அடிக்குப் பத்தரை அடி. வெட்டாமல் போட 18 அங்குலம் என்று சொன்னால் கணக்கு வந்துவிட்டது. இன்னொரு தேர்வு, பாடம் தெரியாத ஒருவருக்கு விளக்குவது. டைல்ஸை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள் என்று அப்பத்தாவிடம் விளக்கினான். “அப்பறம் ஏன் வெயில்ல வைக்கிறாக?” என்று அவர் கேட்டார். பதில் வரவில்லை. முதல் வாரத்து நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான்.