மண்ணுக்கும் மாட்டுக்கும் போக மிஞ்சுவது: பாலாற்றுப் பக்கத்துச் சிறு விவசாயிக்கு ஓர் எரிசக்தி வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் நான்கைந்து மாடுகளும் உள்ள ஒரு குடும்பம், தன் அடுப்புக்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பகுதியைத் தன் நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் சாண எரிவாயுக் கலன் கட்டுவதற்கும் மரம் நடுவதற்கும் முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். நிலத்தில் விளைவதெல்லாம் எரிபொருள் ஆகிவிடாது. மாட்டுக்குத் தீவனமாகவும் மண்ணுக்கு உரமாகவும் போக வேண்டிய பங்கு போக, மிஞ்சுவதே அடுப்புக்கு உரியது. இந்த வரிசையை மாற்றினால், அடுப்பில் மிச்சம் பிடித்த பணத்தை உரக்கடையிலும் தீவனக் கடையிலும் கொடுக்க வேண்டிவரும்.

ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டம் வரை நிலத்தில் மிஞ்சுவதை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். வைக்கோலும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையின் கொடியும் மாட்டுக்கு உரியவை. அவற்றை எரிபொருள் கணக்கில் சேர்க்கவே கூடாது. கரும்பின் காய்ந்த இலையான சோகை மண்ணுக்கு உரியது. மல்லாட்டைத் தோல், நெல் உமி, துவரை மார் (காய்ந்த செடித்தண்டு), தென்னை மட்டை, பன்னாடை ஆகியவை அடுப்புக்கு உரியவை. மல்லாட்டைக் காயின் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் தோலாகவும், நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகவும் இருப்பதால், மூட்டைக் கணக்கை வைத்தே இவற்றின் அளவை மதிப்பிடலாம்.

இந்தக் கணக்கில் முதலிடம் சாணத்துக்கு, ஏனென்றால் அது எரிபொருளாகவும் உரமாகவும் இரண்டு முறை பயன்படக்கூடியது. வறட்டி தட்டி எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்ச் சாம்பல் மட்டுமே மிஞ்சுகிறது. அதே சாணத்தைச் சாண எரிவாயுக் கலனில் விட்டால், காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைத்து மீத்தேனாக மாற்றுகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) வெளிவரும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன.

கலனின் அளவை மாட்டை எண்ணி முடிவு செய்ய வேண்டுமே தவிர, கிடைக்கும் மானியத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். கொட்டகையில் கட்டி வளர்க்கும் மாடு நாளுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாடாக இருந்தால் அதில் ஒரு பகுதி வெளியிலேயே விழுந்துவிடும் என்பதால், கைக்கு வரும் சாணத்தைச் சில நாள்கள் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 50 கிலோ சேர்ந்தால் 2 கன மீட்டர் கலன் போதும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டின் சமையல் அதில் நடக்கும். ஒரு கன மீட்டர் வாயு, சமையலில் சுமார் 0.43 கிலோ எல்பிஜிக்கு அல்லது 3.5 கிலோ விறகுக்குச் சமம். ஆக, இந்தக் கலன் பதினாறு, பதினேழு நாளில் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் அளவுக்கு வாயு கொடுக்கும். பெரிய கலனாகக் கட்டிப் பாதிச் சாணம் விடுபவர்கள், வாயு போதவில்லை என்று சொல்லி நாளடைவில் கலனையே கைவிட்டுவிடுகிறார்கள்.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 1962-இல் ஏற்றுக்கொண்ட, மேலே மிதக்கும் இரும்புக் கொப்பரையில் வாயு சேரும் கலன், 1984-இல் வந்த தீனபந்து என்னும் அசையாத கூரையுள்ள நிலைக்கூரைக் கலன் ஆகிய இரண்டுமே இன்றும் கட்டப்படுகின்றன. நம் பகுதிக்குத் தீனபந்துவையே நான் பரிந்துரைப்பேன். துருப்பிடிக்க இரும்புக் கொப்பரை இல்லை, மண்ணுக்கடியில் வெப்பமும் சீராக இருக்கும். ஆனால் அதன் கூரையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு நிற்காது என்பதால், ஏற்கெனவே இத்தகைய கலன் கட்டிய கொத்தனாரைத்தான் அமர்த்த வேண்டும். மலையடிவாரத்து ஊர்களில் சில அடி ஆழத்திலேயே பாறை வந்துவிடும். பள்ளம் எடுக்கும் செலவு கைமீறிப் போகும் அத்தகைய இடங்களில், தரைமேல் வைக்கக்கூடிய ஆயத்தக் கலனைப் பார்க்கலாம். மானியம் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி கைக்கு வந்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

வெயில் நன்றாக விழும் இடமாகவும், அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அருகிலும், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியும், வேர் பரப்பும் பெருமரங்கள் இல்லாமலும் இடம் அமைய வேண்டும். வாயுக் குழாயில் நீராவி படிந்து தண்ணீராகத் தேங்கும் என்பதால், குழாயைச் சற்றுச் சரிவாகப் பதித்துத் தாழ்ந்த முனையில் நீர் வடிக்கும் திருகு ஒன்றை வைக்க வேண்டும்.

தினப்படி வேலையில் கவனம் முழுவதும் கலவைத் தொட்டியில் இருக்கட்டும். தொட்டியின் துளையை அடைத்துவிட்டு, ஒரு கூடை சாணத்துக்கு அதே அளவு தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். மிதக்கும் வைக்கோல் துணுக்குகளைக் கையால் அரித்து எடுத்துவிட்டு, மணல் அடியில் தங்கச் சில நிமிடங்கள் விட்ட பிறகே அடைப்பை எடுக்க வேண்டும். அடியில் தங்கிய மணலைக் கலனுக்குள் தள்ளாமல் வழித்து வெளியே போடுங்கள். அவசரத்தில் தள்ளும் ஒவ்வொரு கைப்பிடி மணலும் கலனுக்குள் தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவைக் குறைக்கும்.

50 கிலோ சாணத்துக்கு நாள்தோறும் 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். பாலாறு வறண்டு கிணறுகள் இறங்கும் சித்திரை, வைகாசியில் இது சிறிய அளவு அல்ல. கொட்டகை கழுவிய நீரையும் மாட்டு மூத்திரத்தையும் தொட்டியில் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி ஈடாகிவிடும். ஆனால் பினாயிலோ சோப்போ கலந்த நீர் ஒரு துளியும் கூடாது, அது நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டு, அதன் காரணமாக உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்று 1996-இல் தீர்ப்பு வந்த பகுதி இது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து உப்பேறிய கிணற்று நீரும் நுண்ணுயிரிகளின் வேலையை மட்டுப்படுத்தும். அங்கெல்லாம் மழைநீரைச் சேமித்தோ வேறு கிணற்றிலிருந்தோ எடுத்து ஊற்ற வேண்டியதுதான்.

முதல்முறை நிரப்ப ஏறத்தாழ இரண்டு டன் சாணம் தேவைப்படும் என்பதால், கட்டுமானம் முடியும் முன்பே சேர்த்து வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊற்றினால் வேலை விரைவில் தொடங்கும். இரண்டு மூன்று வாரங்களில் வாயு வரும்; முதலில் வருவதில் கரியமில வாயு மிகுந்திருப்பதால் அது எரியாது, அதை வெளியேற்றிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். நெருப்பைக் காட்டிச் சோதிக்கவே கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கலனுக்குள் எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை, இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் அதிலேயே உயிர்விடுவார். சுத்தம் செய்யும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள்.

வெளிவரும் கரைசலை வாய்க்கால் நீரோடு கலந்து பாய்ச்சலாம். இல்லையேல் நிழலில் உலர்த்தி, தொழு உரம் போல இடலாம். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

கரும்புக்காரர்கள் சோகைக்குத் தீ வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். பார் இடைவெளியில் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மக்கினால் உரமும் ஆகும். கரும்பிலிருந்து எரிசக்தி எடுக்கும் வேலையை ஆலையே செய்துகொள்கிறது. அரைத்த கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக வருகிறது. அம்முண்டி போன்ற இடங்களிலுள்ள ஆலைகளின் கொதிகலன்களில் எரிவது அதுதான். இணைமின் நிலையம் உள்ள ஆலைகள் அதே நீராவியில் மின்சாரமும் எடுக்கின்றன.

வரப்பு மரங்களுக்கு அதிக யோசனை தேவையில்லை. கிளைரிசிடியா, சூபாபுல் இரண்டும் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. தழை மாட்டுக்கும் வயலுக்கும், கிளை அடுப்புக்கும் ஆகும். 2000-களில் பெரிதாகப் பேசப்பட்ட காட்டாமணக்கை எரிபொருளுக்காக நட வேண்டாம். மானாவாரியில் அது எதிர்பார்த்த மகசூலைத் தரவில்லை. எந்த விறகையும் வெட்டிய உடன் எரிக்காமல், பிளந்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில் சில மாதங்கள் உலர்த்துங்கள். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருப்பதால், நெருப்பின் வேகமெல்லாம் அதைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடுகிறது.

ஏரிகளை அடைத்துக் கிடக்கும் வேலிக்காத்தானை (சீமைக் கருவேலம்) மட்டும் யோசிக்காமல் எரிக்கலாம். நல்ல அனல் தரும் விறகு அது, கரிக்கும் ஏற்றது. உங்கள் பட்டா நிலத்தில் இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். தரையோடு வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். ஏரிக்குள் இருப்பதை முறையான அனுமதியோ ஏலமோ இல்லாமல் தொடக் கூடாது.

காடு என்று வரும்போது கணக்கு வேறு. ஜவ்வாது மலையின் அமிர்தி போன்ற காப்புக்காடுகளில் பச்சை மரத்தை வெட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் எரிசக்திக்கு அந்தக் காடு தரும் பங்கு விறகைவிடப் பெரியது: சருகும் வேரும் மழையை மண்ணுக்குள் இறக்குவதால்தான் அடிவாரக் கிணறுகளில் கலனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் ஊறுகிறது. ஒரு வீட்டின் 2 கன மீட்டர் கலன், நாளுக்கு ஏழு கிலோ விறகைக் காட்டிலேயே விட்டுவைக்கிறது. காட்டோரத்தில் நிலம் உள்ளவர்கள் மாசி முதல் வைகாசி வரை வயலில் எதற்கும் தீ வைக்காமல், காட்டை ஒட்டிய வரப்பில் சோகையும் மாரும் குவியாதபடி பார்த்து, சருகை அரித்து ஒரு நடைபாதை அகலத்துக்கு வெறும் மண் தெரிய வைத்திருக்க வேண்டும். புகை தெரிந்தால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கலன் பராமரிப்பிலும் வரப்பு மரத் தேர்விலும் சந்தேகம் எழுந்தால், விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டுத் தெளிவு பெறலாம்.